கண்டவளும் கேட்டவர்களும்

1943இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘தி சாங் ஆஃப் பெர்னதெத்’ இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் படம். பிரான்சின் தென்மேற்கு மூலையில் லூர்து என்ற சிற்றூர், 1858ஆம் ஆண்டு, பெர்னதெத் சுபிரு என்ற பதினான்கு வயது ஏழைப் பெண்ணுக்கு ஒரு பாறைக் கெபியில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் வரலாறு. ஆனால் மாதா திரையில் தெரியும் நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அது மிகவும் சொற்பம். அவர் பேசுவது அதைவிடக் குறைவு. மீதிப் படம் முழுக்க யாராவது ஒருவர் அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். தாய் கேட்கிறாள். பள்ளியில் பாடம் எடுக்கும் கன்னியாஸ்திரி கேட்கிறார். காவல் அதிகாரி, அரசு வழக்கறிஞர், மேயர், மருத்துவர், பங்குச் சாமியார் என்று வரிசை நீண்டு, ஆயர் அமைத்த விசாரணைக் குழுவில் போய் முடிகிறது. பக்திப் படம் என்ற பெயரில் அறியப்பட்ட இந்தப் படத்தின் உயிர் இந்த விசாரணையில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தெய்வம் வந்ததா என்ற கேள்வியைவிட, தெய்வத்தைக் கண்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, அப்படிச் சொன்னவருக்கு ஊர் என்ன செய்கிறது என்ற கேள்விகளையே படம் விடாமல் பின்தொடர்கிறது. எண்பது ஆண்டுகள் கழித்தும் அது பழசாகாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே.

புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களில் இருந்து இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு லூர்து தொலைதூரத்து ஊர் அல்ல. வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோயில் எழும்பி, பிரான்சிலிருந்து கொண்டுவந்த சுரூபம் 1877இல் அங்கே நிறுவப்பட்டது. அப்போது பெர்னதெத் உயிரோடு இருந்தார். நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் நோயாளியாகப் படுத்திருந்தார். கண்டவள் சாவதற்கு முன்பே அவள் கண்டதாகச் சொன்ன உருவம் கடல் கடந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. கோயிலின் முன்னுள்ள குளமும், தேர்பவனியும், சாதி மதம் பாராமல் வந்து நிற்கும் கூட்டமும், இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் லூர்துமேரி, லூர்துசாமி என்ற பெயர்களும் அதன் தொடர்ச்சி. அரியாங்குப்பம் கொம்யூனில் உள்ள வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் வந்த கதையையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். மீனவர் ஒருவரின் வலையில் மரக்கட்டை சிக்கியது, அதைப் பிளக்கப் போனபோது ரத்தம் வந்தது, பின்பு தன்னைப் பிரதிஷ்டை செய்யும்படி அம்மன் உணர்த்தினாள் என்று தலபுராணம் சொல்கிறது. அந்த அம்மனின் ஆடித் தேரை இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கிறார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் செய்ததன் தொடர்ச்சி அது. காண்பவர் மீனவர், வடம் பிடிப்பவர் ஆளுநர். இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைத் தலபுராணங்கள் ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றன. அந்த இடைவெளிக்குள் இறங்கி நடந்து பார்த்தது இந்தப் படம்.

படம் பிறந்த கதையும் கவனிக்கத்தக்கது. மூலநாவலை எழுதிய ஃபிரான்ஸ் வெர்ஃபல் யூதர். ஹிட்லரின் படைகள் பிரான்சைப் பிடித்த 1940இல் மனைவியோடு தப்பி ஓடிய அவர் சில வாரங்கள் லூர்தில் ஒளிந்திருந்தார். உயிரோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தால் இந்தப் பெண்ணின் கதையை எழுதுவேன் என்று நேர்ந்துகொண்டார். நாவல் 1941இல் வந்தது. ஆகவே இதன் அடியில் இருப்பது கத்தோலிக்கர் ஒருவர் தன் சபைக்காகச் செய்த பிரச்சாரம் அல்ல. அதிகாரிகளின் மேசை முன் நின்று தன் பெயரையும் தாளையும் காட்டிக் காட்டிச் சோர்ந்த ஓர் அகதியின் அனுபவம் அதில் இருக்கிறது. கேள்வி கேட்கும் அதிகாரியின் குரலில் இருக்கும் மரியாதையான மிரட்டலை இந்தக் கதை இவ்வளவு துல்லியமாகப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஜார்ஜ் சீட்டன் திரைக்கதை எழுத, ஹென்றி கிங் இயக்கினார். பெர்னதெத்தாக வந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் அதற்கு முன் சொந்தப் பெயரில் சில சில்லறைப் படங்களில் தலைகாட்டியவர். ரசிகர்களுக்கு அவர் புதுமுகமாகவே அறிமுகப்படுத்தப்பட்டார். அந்த ஆண்டுக்கான ஆஸ்கரில் பன்னிரண்டு பரிந்துரைகளில் நான்கு விருதுகள் கிடைத்தன. சிறந்த நடிகை அவர். ஆர்தர் மில்லரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவும் ஆல்ஃபிரட் நியூமனின் இசையும் விருது பெற்றவற்றில் அடங்கும்.

காட்சி நிகழும் இடத்தை ஹென்றி கிங் எப்படித் தயார் செய்கிறார் என்று பாருங்கள். சுபிரு குடும்பம் வசிப்பது ஒரு காலத்தில் சிறையாக இருந்த ஒற்றை அறை. மாவு மில் கைவிட்டுப்போன அப்பன் கூலி வேலை தேடி அலைகிறான். கிடைக்கும் வேலை, மருத்துவமனையில் நோயாளிகள் கழித்த கட்டுத்துணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே எரிப்பது. அந்தக் குப்பை எரியும் இடம்தான் மசபியேல் கெபி. முதலில் அந்தக் கெபியை நமக்குப் புகையோடும் அருவருப்போடும் காட்டிவிட்டுத்தான் படம் பெர்னதெத்தை அங்கே அழைத்துப் போகிறது. தங்கையும் தோழியும் சுள்ளி பொறுக்க ஓடையைத் தாண்டிவிடுகிறார்கள். ஆஸ்துமாக்காரியான இவள் குளிர்நீரில் இறங்கக் கூடாதென்று இந்தப் பக்கமே நின்று, பிறகு மனம் கேளாமல் காலுறையைக் கழற்றத் தொடங்குகிறாள். அப்போது காற்று. கிளைகள் அசைகின்றன, இசை அந்தக் காற்றின் சலசலப்பிலிருந்து எழுகிறது, நாம் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். (இந்தக் காட்சிக்காக ஸ்ட்ராவின்ஸ்கி முதலில் எழுதிய இசை படத்தில் இடம்பெறாமல் பின்பு அவருடைய ஒரு சிம்பொனியின் நடுப்பகுதியாக வாழ்கிறது. நியூமனின் அடக்கமே இந்த இடத்துக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.) காட்சி முடிந்ததும் தங்கையும் தோழியும் திரும்பி வருகிறார்கள், அவர்களுக்கு அங்கே தெரிவது வெறும் பாறை. இரண்டு பார்வைகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு இயக்குநர் நகர்ந்துவிடுகிறார்.

அதன்பின் வரும் விசாரணைகளில்தான் படம் தன் முழு உயரத்தை எட்டுகிறது. அரசு வழக்கறிஞர் துதூராக வரும் வின்சென்ட் பிரைஸ் கத்துவதில்லை, கையோங்குவதில்லை. இருமிக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, படித்தவனின் சலிப்போடு ஒரு சிறுமியை வளைக்கப் பார்க்கிறார். அவளோ அவருடைய வாதத்துக்குப் பதில் வாதம் சொல்லவில்லை. கேட்டதற்கு விடை சொல்கிறாள், கேளாததைச் சொல்வதில்லை. வரலாற்றுப் பதிவும் இப்படித்தான் இருக்கிறது. 1858 பிப்ரவரியில் காவல் ஆணையர் ஜாகோமே அவளுடைய வாக்குமூலத்தை எழுதி, திரும்பப் படித்துக் காட்டும்போது விவரங்களை மாற்றி மாற்றிப் படித்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, நான் அப்படிச் சொல்லவில்லை என்று திருத்தினாள். பிற்காலத்தில் நம்ப மறுத்தவர்களிடம், சொல்வதுதான் தன் பொறுப்பு, நம்ப வைப்பது தன் பொறுப்பல்ல என்ற பொருளில் அவள் பதில் சொன்னது பிரசித்தம். ஜெனிஃபர் ஜோன்ஸ் நடிப்பின் சாரம் இந்த ஒரு பதிலில் அடங்குகிறது. அவருடைய முகத்தில் பரவசம் இருக்கிறது, ஆனால் மற்றவரை இழுக்கும் ஆவல் இல்லை. தன் கட்சிக்கு ஆள் சேர்க்காத சாட்சியை எந்த வழக்கறிஞராலும் உடைக்க முடியாது. துதூர் தோற்பது அதனால்தான். கடைசியில் அவளைப் பைத்தியம் என்று மருத்துவச் சான்று வாங்கி அடைத்துவிடவும் ஏற்பாடு நடக்கிறது. பங்குச் சாமியார் பெய்ரமாலின் கதாபாத்திரம் திரும்புவது அங்கேதான். அதுவரை அவளை நம்பாதவர், நம்பியதால் அன்றி, அநியாயம் பொறுக்காமல் அவள் பக்கம் வருகிறார். நம்பிக்கைக்கு முன்னால் நியாயத்தை வைத்த இந்த வரிசை, பக்திப் படங்களில் அபூர்வம்.

ஊற்றுத் தோண்டும் காட்சியை நெருக்கத்தில் பார்த்தால் படத்தின் துணிவு விளங்கும். பெரும் கூட்டம் கூடியிருக்கிறது. அதிசயம் பார்க்க வந்தவர்கள். பெர்னதெத் முழந்தாளில் ஊர்ந்து போய், ஈர மண்ணைக் கையால் பறிக்கிறாள். புல்லைப் பிடுங்கி வாயில் போட்டு மெல்கிறாள். சேற்றை வாரி முகத்தில் பூசிக்கொள்கிறாள். அவளுக்குக் கட்டளை வந்திருக்கிறது. கூட்டத்துக்கு அது கேட்கவில்லை. கூட்டம் முகம் சுளிக்கிறது, சிரிக்கிறது, அவளை நம்பி வந்ததற்காக வெட்கப்படுகிறது. பெற்றவள் மகளை இழுத்துக்கொண்டு போகிறாள். எல்லோரும் கலைந்த பிறகுதான் அங்கே நீர் கசிவது தெரிகிறது. கண் பழுதான கல்தச்சர் புரியேத் அந்தச் சேற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். வேறு எந்தப் பக்திப் படமும் இந்த வரிசையை மாற்றியிருக்கும்; கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊற்று பீறிட்டிருக்கும், கைகள் தலைக்கு மேல் உயர்ந்திருக்கும். இங்கே அவமானம் முழுதாக நடந்து முடிகிறது. கண்டவள் என்ற பட்டத்தோடு சேற்று முகமும் வரும் என்பதை மறைக்காமல் வைத்ததில் படத்தின் நேர்மை இருக்கிறது.

பெய்ரமாலின் விசாரணை முற்றிலும் வேறு வகை. அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: அந்தப் பெண்மணியின் பெயர் என்ன? மார்ச் 25 அன்று சிறுமி கொண்டுவந்த விடையில் அமலோற்பவம் என்ற சபைக் கோட்பாடு இருந்தது. மாதா ஜென்மப் பாவம் இன்றி உற்பவித்தவர் என்ற அந்தப் போதனையை ரோம் அதிகாரபூர்வமாக அறிவித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஞானோபதேசம்கூடச் சரியாக மனப்பாடமாகாத பெண்ணின் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று சாமியார் திகைக்கிறார். இந்தத் திகைப்பு புதுச்சேரிக்காரருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் உறைக்கும். நகரத்துப் பேராலயம் அமலோற்பவ மாதாவின் பெயரில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழும்பியது. ஜென்மராக்கினி மாதா கோயில் என்று எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் சொல்லிப் பழகிய பெயர் அது. லூர்தின் சிறுமி அந்தச் சொல்லை எங்காவது ஒரு பிரசங்கத்தில் காதில் வாங்கியிருக்கலாம் என்று அவநம்பிக்கையாளர் சொன்னால் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்று நமக்குத் தெரியும். படமும் இதை முடிந்த வழக்காகக் காட்டவில்லை. பெய்ரமால் மனம் மாறுவதற்கு அந்தச் சொல்லைப் போலவே, அதை மறந்துவிடாமல் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு ஓடிவந்து, அதன் பொருள் என்ன என்று அவரையே கேட்கும் பெண்ணின் முகமும் காரணம்.

இப்போது இந்தப் படத்தின் மீது வைக்கப்படும் முதன்மையான ஆட்சேபத்துக்கு வருவோம். மாதாவைத் திரையில் காட்டியது தவறு, காட்டியவுடன் கேள்வி தீர்ந்துவிட்டது, பிறகு விசாரணைக்கு என்ன வேலை என்பது அந்த ஆட்சேபம். 1928இல் டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் ட்ரையர் எடுத்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தை இதற்கு எதிராக நிறுத்துவார்கள். வழக்கின் உண்மையான பதிவேட்டை ஆதாரமாகக் கொண்ட அந்த மௌனப் படத்தில் ஜோன் கண்டது எதுவும் திரையில் வராது. ஜோனாக நடித்த ஃபால்கொனெத்தியின் முகம் மட்டும்தான். ட்ரையரின் படம் கலையில் உயர்ந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. பெர்னதெத்தின் வரலாறே இந்த ஆட்சேபத்துக்கு இன்னொரு வலுவும் சேர்க்கிறது. சிற்பி ஃபாபிஷ் 1864இல் செதுக்கி கெபியில் வைத்த சுரூபத்தைப் பார்த்தபோது, தான் கண்டது இது அல்ல என்றாள் அவள். உலகம் முழுக்க, வில்லியனூர் உட்பட, நாம் அறிந்த வெள்ளை அங்கியும் நீல இடைக்கச்சையும் கொண்ட வடிவத்தின் மூலம் அந்தச் சுரூபம்தான். லிண்டா டார்னெல் ஏற்று நடித்த மாதாவும் ஏறக்குறைய அதே வடிவத்தில் நிற்கிறார். ஆக, கண்டவளே மறுத்த உருவத்தைத்தான் படம் அவள் கண்டதாகக் காட்டுகிறது.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, படம் மாதாவை எல்லோருக்கும் காட்டவில்லை. பெர்னதெத்தின் நிலையிலிருந்து பார்க்கும்போது மட்டும் ஒளி தெரிகிறது. வழக்கறிஞர், மேயர், கூட்டம் ஆகியோரோடு நிற்கும்போது நாமும் வெறும் கல்லைத்தான் பார்க்கிறோம். பார்வையாளருக்கு ஒரு சலுகை கிடைக்கிறது, ஊருக்குக் கிடைப்பதில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான், அவளை மடக்கப் பார்க்கும் ஒவ்வொரு கேள்வியின் கூர்மையும் நம்மேல் படுகிறது. உண்மையா பொய்யா என்ற துப்பறியும் ஆர்வத்தைத் தொடக்கத்திலேயே களைந்துவிட்டு, உண்மை சொல்பவரை அதிகாரம் எப்படி நடத்துகிறது என்பதில் நம் கவனத்தை நிறுத்தும் உத்தி இது. இரண்டாவது விடை நம் பழக்கத்தைச் சார்ந்தது. கோயிலுக்குப் போவதென்றால் சுவாமியைப் பார்க்கப் போவது என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மூர்த்தத்தில் தெய்வம் முழுதாக இருக்கிறது என்பதும், மூர்த்தம் கல் என்பதும் நமக்கு ஒன்றையொன்று வெட்டுவதில்லை. திரையில் தெரிந்த உருவம் தெய்வத்தை அளந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. உருவம் காட்டுவதே பிழை என்னும் விமரிசனம் உருவத்தைச் சந்தேகிக்கும் மரபிலிருந்து வருகிறது. அதன் அளவுகோல் எல்லாருக்கும் பொதுவாக வேண்டியதில்லை.

தமிழ்ப் பக்திக் கதைகளை இதோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு பளிச்செனத் தெரிகிறது. நம் மரபில் தெய்வம் பெரும்பாலும் இரண்டு பேருக்கும் தகவல் சொல்லிவிடுகிறது. பெரிய புராணத்தில் நாளைப்போவார் என்னும் நந்தனாரின் கனவில் தோன்றும் இறைவன், தில்லைவாழ் அந்தணர் கனவிலும் தோன்றி அவருக்காகத் தீ அமைக்கச் சொல்கிறார். வேளாங்கண்ணியில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் மாதா செய்தி சொல்லி அனுப்புகிறார். நாகப்பட்டினத்துச் செல்வந்தருக்கு முந்தின இரவே கனவு வந்துவிட்டது என்கிறது அந்தத் தலவரலாறு. அதிகாரம் உடையவருக்கும் கனவு வந்துவிட்டதால் விசாரணைக்குத் தேவை இல்லாமல் போகிறது; கண்டவன் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. இது கருணை நிறைந்த கற்பனை. அதே நேரம், ஏழை சொன்னால் மட்டும் போதாது, பெரியவருக்கும் தெரியவேண்டும் என்ற உலக வழக்கை அது ஒப்புக்கொண்டும் விடுகிறது. லூர்தில் பெய்ரமாலுக்கோ ஆயருக்கோ எந்தக் கனவும் வரவில்லை. நாலு ஆண்டு விசாரித்து, 1862 ஜனவரியில்தான் தார்ப் மறைமாவட்டத்து ஆயர் லோரன்ஸ் காட்சியை ஏற்றார். கனவு வராத மேலதிகாரிகளின் முன் ஒரு பெண் தனியே நிற்பதுதான் இந்தப் படத்துக்கு நாடகத்தைக் கொடுக்கிறது. ‘அன்னை வேளாங்கண்ணி’ (1971) போன்ற நம் படங்கள் அற்புதத்திலிருந்து அற்புதத்துக்குத் தாவுவதும், நடுவே மனிதர்கள் தயங்கும் இடங்கள் மெலிந்துபோவதும் இந்த மரபின் விளைவே.

ஆனால் நம்மிடம் விசாரணையே இல்லை என்று சொன்னால் அது பிழை. பெரிய புராணத்தில் இல்லாத வேதியரை நந்தன் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். சிதம்பரம் போக அனுமதி கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்து வேலையை ஓரிரவில் முடித்துவிட்டுப் போ என்று சொல்லும் அந்த வேதியர், துதூரின் தம்பி. பாரதியாரின் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசின் ஆதரவோடு அச்சேறியது; லூர்தில் ஆயர் குழு விசாரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும் செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தார்கள். அந்தப் படத்தில் இன்றும் உயிர்ப்போடு நிற்பது இந்த இருவரும் எதிரெதிரே நிற்கும் காட்சிகள்தான். தில்லைக் காட்சியைவிட, ஆண்டையின் வாசலில் காத்து நிற்கும் உடம்பு நம் மனத்தில் தங்குகிறது. பெர்னதெத்துக்கும் நந்தனாருக்கும் இன்னொரு நெருக்கமும் உண்டு. கண்டவரை நிறுவனம் ஏற்கும்போது, அவரை அப்படியே ஏற்பதில்லை, மாற்றித்தான் ஏற்கிறது. நந்தனார் தீயில் இறங்கி, முப்புரி நூலோடு வேறு உடம்பாக எழுந்தால்தான் உள்ளே இடம். பெர்னதெத் கன்னியர் மடத்துக்குள் போய், கண்டதைப் பற்றிப் பேசாமல் இருந்தால்தான் சபைக்கு நிம்மதி. வீட்டு வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ள நினைத்திருந்த பெண்ணை, நீ இனிச் சாதாரணமாக வாழ முடியாது என்று சொல்லி அனுப்பும் காட்சியைப் படம் வெற்றியாகக் காட்டாமல் பிரிவாகக் காட்டுவது அதனால்தான் முக்கியமானது.

இந்த ஒப்பீட்டை யாராவது மறுத்தால் அதில் நியாயம் உண்டு. பெர்னதெத்தின் ஏழ்மையும் நந்தனாரின் சாதியும் ஒன்றல்ல. அவளுக்குக் கோயில் வாசல் என்றும் அடைபட்டதில்லை. வறுமை நீங்கினால் அவள் குடும்பத்துக்கு ஊரில் பழைய மரியாதை திரும்பியிருக்கும். நந்தனாருக்கு எந்தச் செல்வமும் அதைத் தந்திருக்காது. புதுமைப்பித்தன் முதல் ‘நந்தன் கதை’ நாடகம் எழுதிய இந்திரா பார்த்தசாரதி வரை அந்தத் தீயைத் திரும்பத் திரும்பக் கேள்விக்குட்படுத்தியதும் இதனால்தான். கிறிஸ்தவம் இந்த மண்ணில் அந்தச் சுவரிலிருந்து தப்பிவிடவும் இல்லை. 1745இல் புதுச்சேரிச் சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்த சுவரைப் பற்றி எழுந்த சச்சரவை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே லூர்து மாதாவுக்கும் தில்லை நடராசருக்கும் முன் நிற்பவர்களின் தொலைவு ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. சொல்லவருவது இவ்வளவே: எளியவர் ஒருவர் கண்டேன் என்றவுடன், என்ன கண்டாய் என்று கேட்பதற்கு முன்பே, நீ யார் காண்பதற்கு என்ற கேள்வி எழுகிறது. இரண்டு படங்களும் வலுப்பெறுவது அந்தக் கேள்வியை ஒளிக்காத இடங்களில்.

பெர்னதெத்துக்கு இன்னும் நெருங்கியவர் காரைக்கால் அம்மையார். புனிதவதியின் கதையில் நடப்பது சுத்தமான வீட்டு விசாரணை. கணவன் கொடுத்தனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட்டாள். இன்னொன்றைத் தின்ற கணவன் அடுத்ததையும் கேட்க, இறைவன் அருளால் கையில் வந்ததைக் கொடுத்தாள். சுவை வேறாக இருக்கவே அவன் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். உண்மையைச் சொன்னாள். அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்றான். வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. நிரூபணம் முழுமையாகக் கிடைத்த அந்தக் கணமே குடும்பம் முடிந்துபோயிற்று. பயந்துபோன வணிகன் கப்பலேறி, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான். நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை இந்தக் கதையைப் போல் உடைப்பது வேறொன்று இல்லை. ஏ.பி. நாகராசன் 1973இல் எடுத்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமியும், பேயுருக் கொண்ட அம்மையாராகக் கே.பி. சுந்தராம்பாளும் வருகிறார்கள். சுந்தராம்பாள் வாய் திறந்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. ‘ஔவையார்’ படம் தொட்டே தெய்வத்தோடு நேராகப் பேசும் உரிமை அந்தக் குரலுக்கு உண்டென்று தமிழ்நாடு ஒப்புக்கொண்டிருந்தது. காட்சியின் சாட்சியத்தைக் குரலில் வைப்பது நம் சினிமாவின் வழி, அதற்கு அதன் பேரழகு உண்டு. முன்பின் அறியாத ஒரு முகத்தில் அதை வைத்தது ஹென்றி கிங்கின் வழி. முகத்துக்குக் குரலைப் போல் முன்கூட்டியே பெற்ற அதிகாரம் இல்லை. அதை ஒவ்வொரு காட்சியிலும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

படத்தின் குறைகளை மூடிவைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில், நம்புகிறவர்க்கு விளக்கம் வேண்டாம், நம்பாதவர்க்கு விளக்கம் இயலாது என்ற பொருளில் ஒரு வாசகம் வருகிறது. அது படத்துக்குப் பொருந்தாத வாசகம். விளக்கம் கேட்பவர்களையும் சொல்பவளையும் வைத்தே இரண்டரை மணி நேரம் நடத்திவிட்டு விளக்கமே வேண்டாம் என்பது எப்படி? துதூருக்குக் கடைசியில் தொண்டையில் புற்றுநோய் வந்து, அவர் கெபியின் கம்பிக் கதவருகே வந்து தனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்வது கற்பனை. சந்தேகித்தவனுக்குத் தண்டனை என்ற வாடை அதில் அடிக்கிறது, பிரைஸின் நடிப்பு மட்டும் அதைக் காப்பாற்றுகிறது. பெய்ரமால் 1877இலேயே இறந்துவிட்டார். படம் அவரை 1879 ஏப்ரலில் பெர்னதெத்தின் மரணப்படுக்கைக்குக் கொண்டுவருகிறது. பள்ளியில் பாடம் எடுக்கும் கன்னியாஸ்திரியாக வரும் வோசு அம்மையார் உண்மையில் நெவேர் மடத்தில் நவகன்னியர்களுக்குத் தலைவியாக இருந்தவர். 1866இல் பெர்னதெத் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளைக் கண்டவர். படமோ அவரை லூர்தின் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையாக நிறுத்திவிடுகிறது. வரலாற்றைப் பிடித்து நிற்பவர்கள் இதையெல்லாம் வைத்துப் படத்தை நம்பகமற்றது என்று தள்ளலாம். ஆனால் கடைசியாகச் சொன்ன மாற்றம் மற்றவை போன்றதல்ல. அதில்தான் படத்தின் மிகச் சிறந்த காட்சி பிறந்திருக்கிறது.

கிளாடிஸ் கூப்பர் நடித்த வோசு, பெர்னதெத்தின் கடைசி விசாரணையாளர். அரசோ சட்டமோ அவருக்கு அக்கறை இல்லை. அவர் கேட்பது பக்தியின் பேரால். நான் உபவாசம் இருந்தேன், தூக்கத்தை விட்டேன், உடம்பை வருத்தினேன், எனக்குக் கிடைக்காத காட்சி ஒன்றும் அறியாத உனக்கு எப்படிக் கிடைத்தது, நீ பட்ட துன்பம் என்ன என்று கேட்கிறார். இது பொறாமைதான், ஆனால் வாழ்நாள் முழுதும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவரின் நேர்மையான பொறாமை. அதனால் அவரை வெறுக்க முடியவில்லை. பெர்னதெத் ஒன்றும் வாதிடாமல் அங்கியை விலக்கி முழங்காலைக் காட்டுகிறாள். எலும்பில் இறங்கிய காசநோய். எத்தனையோ காலமாகச் சொல்லாமல் பொறுத்த வலி என்று மருத்துவர் சொல்கிறார். லூர்து ஊற்றுக்கு அழைத்துப் போகிறோம் என்றபோது, அந்த ஊற்று எனக்கானது அல்ல என்று மறுக்கிறாள். வோசு தனியே சிற்றாலயத்துக்குப் போய் விழுகிறார். எல்லா விசாரணைகளிலும் இதில் ஒன்றில்தான் கேட்டவர் தன்னை விசாரித்துக்கொள்கிறார். படம் இங்கே நின்றிருக்கலாம். அதற்குப் பிறகு மரணப்படுக்கையில் மாதா மறுபடியும் கைநீட்டித் தோன்றுவதும், இசை உயர்வதும் 1943ஆம் ஆண்டு ரசிகர்களுக்காக ஸ்டூடியோ கொடுத்த ஆறுதல் என்றே எனக்குப் படுகிறது. முப்பத்தைந்து வயதில் இறந்த அந்தப் பெண்ணின் வரலாற்றில் மொத்தம் பதினெட்டுக் காட்சிகள். கடைசியானது 1858 ஜூலை 16 அன்று. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவள் எதையும் காணாமல்தான் வாழ்ந்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் அதே விடையைச் சொல்லிக்கொண்டு. திரையில் பத்தொன்பதாவதைச் சேர்த்ததால் அந்த இருபது ஆண்டுகளின் கனம் குறைந்துபோயிற்று.